வெயிலுக்கு பில் கிடையாது. நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு பில்?

தோழர்களே,

மின்வாரியத்திலிருந்து உங்க போனுக்கு வந்த கடைசி எஸ்.எம்.எஸ்ஸைத் திறந்து பக்கத்தில் வச்சுக்கிட்டு இந்தப் பதிவைப் படிங்க. கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா உங்க வீட்டுக் காசு சம்பந்தப்பட்டது. முழுசாப் படிங்க, சரின்னு பட்டா நாலு பேருக்கு அனுப்புங்க.

முதலில் ஒரு கணக்கு.

2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகான வீதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2,048 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட். மே மாதத்தில் ஒரு நாள் ராத்திரி குழந்தை புழுங்குதுன்னு அழுததால் கூடுதலாக ஓடிய ஃபேன். அதுக்கு 243 ரூபாய்.

எப்படி? 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 500-ஐத் தாண்டிய நொடியில் அதே பழைய நூறு யூனிட்டுக்கும் 4.70 ரூபாய் என்று கணக்கு மாறுகிறது. தாண்டிய அந்த ஒரு யூனிட்டுக்கு 8.40. முன்னாடி எரிச்ச கரண்டுக்கும் பின்னாடி வந்து விலையை ஏத்துறாங்க. மளிகைக் கடையில் ஆறாவது கிலோ அரிசி வாங்கினா முதல் அஞ்சு கிலோவுக்கும் சேர்த்து விலை ஏறும்னு அண்ணாச்சி சொன்னா நாம சும்மா வருவோமா?

"இதுக்கும் பசுமை மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். முழு சம்பந்தமும் இதில்தான் இருக்கிறது. நிலக்கரியை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுவோம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நாமும்தான் பேசுகிறோம். ஆனால் அந்த மாற்றத்தின் லாபம் யார் வீட்டுக்குப் போகும், செலவு யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிப்பது சோலார் பேனல் கிடையாது. மின்கட்டணம்தான்.

🔴 காற்று நம்முடையது, வெயில் நம்முடையது

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, கம்பம், உடுமலை, பல்லடம். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இந்தப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும் அந்தக் காற்று. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் காற்றாலை என்றாலே பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த மாநிலம் நாம். இப்போது சூரிய மின்சாரத்திலும் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறோம்.

சூரிய மின்சாரத்தின் விலை என்ன ஆனது என்று பாருங்கள். 2017 மே மாதம் ராஜஸ்தான் மாநிலம் பட்லாவில் நடந்த ஏலத்தில் யூனிட் 2.44 ரூபாய்க்கு இறங்கியது. மின்சாரச் சந்தையில் பகல் நேரத்தில் சில நாள் இரண்டு ரூபாய்க்கும் கீழே மின்சாரம் கிடைக்கிறது.

வெயில் மலிவாகிவிட்டது. சரி. உங்க பில் குறைஞ்சுதா?

2022 செப்டம்பரில் பெரிய உயர்வு. அப்போதே ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசியோடு சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம் என்று எழுதிவைத்துவிட்டார்கள். 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம். 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசு தானே ஏற்றுக்கொண்டது. அதை மறைக்க வேண்டியதில்லை, வரவேற்றோம். ஆனால் 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்ன மாதாந்திரக் கணக்கெடுப்பு, 2025 ஜூலையில் நான்காவது உயர்வு வந்தபோதும் வரவில்லை. அதையும் மறைக்க முடியாது.

மலிவான வெயில் நம் பில்லுக்கு வராமல் வழியில் எங்கே நிற்கிறது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

🔴 முதல் தடுப்பு: ஒப்பந்தங்கள்

2015 ஜூலை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அன்றைய அதிமுக அரசின் மின்வாரியம் அதானி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். காலம் 25 ஆண்டு. அதே ஜூலை மாதம் மத்தியப் பிரதேசத்தில் ஏலம் விட்டார்கள். 5.05 ரூபாய்க்கு ஆள் வந்தது. இரண்டே ஆண்டில் தமிழ்நாட்டிலேயே ஏலம் விட்டபோது விலை 3.47 ரூபாய்க்கு இறங்கியது.

சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏலம் விடாமல் ஒரு விலையை நிர்ணயித்து, அதைக் கால் நூற்றாண்டுக்குப் பூட்டி வைத்ததைத்தான் கேள்வி கேட்கிறோம்.

நிலக்கரிப் பக்கம் இன்னொரு பூட்டு. தனியார் அனல் மின் நிலையங்களோடு போட்ட நீண்டகால ஒப்பந்தங்களில் விலை இரண்டு பகுதி. ஒன்று, எரிக்கிற நிலக்கரிக்கு. இன்னொன்று, நிலையம் தயாராக நிற்பதற்கு. வாரியம் ஒரு யூனிட்கூட வாங்காவிட்டாலும் இந்த இரண்டாவது பணத்தைக் கொடுத்தாக வேண்டும். காற்று சீசனில் என்ன நடக்கிறது? காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போகிறது. 'பேக் டவுன்' என்பார்கள். சும்மா வீசுகிற காற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் காசு கேட்கும் நிலையத்துக்குக் காசு கொடுக்கிறோம். வாடகைக்கு எடுத்த காரை வாசலில் நிறுத்திவிட்டு, சொந்த சைக்கிளைப் பூட்டிவைத்த கதை இது.

அந்த நிலக்கரியின் உண்மையான விலை எந்த பில்லிலும் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணூரில் கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலுக்கு யூனிட்டுக்கு எத்தனை பைசா? 2023 ஜூலையில் நெய்வேலி பக்கம் வளையமாதேவியில் கதிர் வந்த வயலுக்குள் இயந்திரத்தை இறக்கினார்களே, அதற்கு எத்தனை பைசா? அந்தக் கணக்கையெல்லாம் மீனவரும் விவசாயியும் தங்கள் உடம்பிலும் நிலத்திலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

🔴 இரண்டாவது தடுப்பு: மாடி யாருடையது?

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பிரதமரின் சூரிய வீடு திட்டத்தை அறிவித்தது. ஒரு கோடி வீடு. மூன்று கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். மொத்த ஒதுக்கீடு 75,000 கோடி ரூபாய்க்கு மேல். நல்ல திட்டம்தானே? கிடைப்பவருக்கு நல்ல திட்டம். கிடைக்க என்ன வேண்டும்? சொந்தமாக மொட்டை மாடி வேண்டும். மானியம் போக மீதிப் பணமோ, கடன் கொடுக்க வங்கியோ வேண்டும்.

இப்போ இந்தப் பதிவைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கீங்க?

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். சென்னையிலும் திருப்பூரிலும் கோவையிலும் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு சப் மீட்டர் மாட்டி, யூனிட் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிப்பது ஊரறிந்த ரகசியம். சொந்தமாக இணைப்பு உள்ள குடும்பம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரித்தால் கட்ட வேண்டியது 235 ரூபாய். முதல் நூறு யூனிட் இலவசம், அடுத்த நூறுக்கு 2.35 வீதம். அதே 200 யூனிட்டை சப் மீட்டரில் ஒன்பது ரூபாய் வீதம் எரிக்கிற வாடகைக் குடும்பம் கட்டுவது 1,800 ரூபாய்.

235 எங்கே, 1,800 எங்கே?

2016 மே மாதம் முதல் எல்லா வீட்டுக்கும் நூறு யூனிட் இலவசம் என்று அரசு ஆணை இருக்கிறது. அந்த நூறு யூனிட் இந்தக் குடும்பத்தின் வாசல் வரை வந்து திரும்பிப் போகிறது. சட்டப்படி எல்லாக் குடும்பத்துக்கும் உள்ள சலுகை, மிகவும் தேவைப்படுகிற குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை. மாடி வாடகைதாரருடையது இல்லை என்பதால் சோலார் மானியமும் கிடையாது. அவர் தலைக்கு மேலே அந்த மாடியில் பேனல் வந்தாலும் கீழ்வீட்டு சப் மீட்டரில் அதே ஒன்பது ரூபாய்தான் ஓடும்.

இன்னொரு கோணமும் உண்டு. மாடியில் சோலார் போட்டால் அதிகம் மிச்சமாவது யாருக்கு? ஏ.சி. நாலு ஓடி, யூனிட்டுக்கு ஒன்பது பத்து ரூபாய் கட்டுகிற வீட்டுக்கு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு மிச்சம் 235 ரூபாய்தான். அதுக்காக யாரும் லட்சக்கணக்கில் கடன் வாங்க மாட்டாங்க. ஆகவே வசதியான வீடுகள் முதலில் சோலாருக்குப் போகும். அந்த வீடுகள் கட்டிவந்த உயர்ந்த கட்டணம்தான் குறைந்த கட்டண வீடுகளைத் தாங்கியது. அந்தப் பணம் குறையும். கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர், ஊழியர் சம்பளச் செலவு குறையாது. மிச்சம் இருப்பவர்களிடம் அது பிரிக்கப்படும். மிச்சம் இருப்பவர்கள் யார்? மாடி இல்லாதவர்கள்.

சோலார் போட்டவர் மேல் கோபப்படாதீங்க தோழர்களே. அவர் செய்தது சரிதான். அவர் செய்ய முடிந்ததை மற்றவர்களும் செய்ய வழியில்லாமல் போட்ட விதிதான் தப்பு.

வழி இல்லாமலா போச்சு? தில்லியில் 2019-லேயே அதற்கான விதிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஓர் இடத்தில் பேனல், அதன் மின்சாரக் கணக்கு பல வீட்டு பில்லில் கழியும். நம் ஊரில் இதை நினைத்துப் பாருங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளின் மாடி எவ்வளவு பெரிசு! அரசுப் பள்ளி, ரேஷன் கடை, பேருந்துப் பணிமனை, குடிநீர்த் தொட்டி வளாகம். எல்லாம் பொது இடம், எல்லாத்து மேலயும் வெயில் அடிக்குது. அங்கே பேனல் போட்டு, அந்தந்தப் பகுதியின் வாடகைக் குடும்பங்களுக்கும் குடிசைக் குடும்பங்களுக்கும் யூனிட் யூனிட்டாகக் கழித்துக் கொடுக்கலாம். மாடி இல்லாதவருக்கு ஊர் மாடி.

🔴 மூன்றாவது தடுப்பு: கடிகாரம்

2023 ஜூனில் ஒன்றிய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. நேரத்துக்கு ஒரு கட்டணம். வெயில் நேரமான எட்டு மணி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் மலிவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக்கூடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். விவசாயம் தவிர எல்லோருக்கும் 2025 ஏப்ரல் முதல் என்று விதி சொல்கிறது. ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதும் உங்கள் கதவைத் தட்டப் போவது இதுதான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பகலில் மின்சாரம் மலிவு, பகலில் செலவு பண்ணு. ஆனால் பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் காலையில் போய் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிற அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிறப்போ வீடு பூட்டிக் கிடக்கும். அவர் வந்த பிறகுதான் லைட், ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், பிள்ளைகள் படிக்க வெளிச்சம் எல்லாம். அவருக்கு மலிவு நேரம் என்று ஒன்று வாழ்க்கையிலேயே கிடையாது. மறுபக்கம், பகல் முழுக்க ஏ.சி. ஓடும் அலுவலகத்துக்கும் மின்சாரக் காரை மதியம் சார்ஜ் போடுகிற வீட்டுக்கும் தள்ளுபடி. விதியில் வஞ்சகம் எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. ஷிப்டில் வேலை பார்க்கும் மனுஷங்களை நினைக்காமல் எழுதிய விதி என்று சொல்கிறோம்.

மாலை நேர மின்சாரம் விலை கூடுவது உண்மை. சூரியன் இறங்கியதும் சந்தையில் விலை ஏறி, உச்சவரம்பான பத்து ரூபாயைத் தொடும் நாட்கள் உண்டு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தச் சுமையைச் சமாளிக்கப் பகல் வெயிலைச் சேமித்து ராத்திரிக்குக் கொடுக்கணும். அது அரசு செய்ய வேண்டிய வேலை. கோவை மாவட்டம் கடம்பாறையில் 1980களிலேயே பொதுத்துறை அதைச் செய்து காட்டியது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிற நிலையம். அதேபோல நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் ஆண்டுக் கணக்காக இழுத்தடிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, திட்டம் நகரவில்லை. அரசு சேமிக்கத் தவறிய வெயிலுக்கு, ராத்திரி சோறு பொங்குகிற குடும்பம் ஏன் அபராதம் கட்டணும்?

சிறு தொழில்களில் இந்தக் கடிகாரம் ஏற்கெனவே ஓடுகிறது. காலையிலும் மாலையிலுமாக ஒரு நாளில் எட்டு மணி நேரம் பீக் ஹவர். அதற்குத் தனிக் கட்டணம். அதோடு 2022-ல் நிலைக்கட்டணமும் ஏறியது. கிலோவாட்டுக்கு 35 ரூபாய் கட்டிவந்த பல பட்டறைகளுக்கு அது நான்கு மடங்குக்கு மேல் போனது. சொந்தக் கூரையில் பேனல் போட்டு சொந்தமாக எடுக்கும் மின்சாரத்துக்கும் யூனிட்டுக்கு 1.53 ரூபாய் நெட்வொர்க் கட்டணம். 2023 செப்டம்பர் 25-ல் தமிழ்நாடு முழுக்கச் சிறு தொழில்கள் கதவடைத்துப் போராடின. அதன் பிறகுதான் பீக் ஹவர் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கியது. நெட்வொர்க் கட்டணம் பாதியானது. போராடினதால் குறைஞ்சுது. இதை மனசுல வச்சுக்கோங்க.

🔴 "இலவசம்தான் வாரியத்தைக் கெடுத்தது" என்பவர்களுக்கு

டி.வி. விவாதங்களில் தினமும் கேட்கிறோம். வாரியத்துக்கு ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடன், காரணம் விவசாயிக்கும் ஏழைக்கும் கொடுக்கும் இலவசம் என்று.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆவது பிரிவு என்ன சொல்கிறது? அரசு ஒரு பிரிவினருக்குச் சலுகை கொடுத்தால் அந்தப் பணத்தை அரசு வாரியத்துக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதாவது விவசாயி மோட்டாருக்கான காசை அரசு கொடுத்தாக வேண்டும். அரசு தாமதம் செய்தால், குறைத்துக் கொடுத்தால், அது அரசின் தவறு. விவசாயியின் தவறு எப்படி ஆகும்? பல ஆண்டு கட்டணத்தைத் திருத்தாமல் விட்டு, கடன் வாங்கி வட்டி கட்டி, வெளியில் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கி, அந்த ஓட்டையை எல்லாம் ஒரே நாளில் மக்கள் தலையில் இறக்கியதுதான் 2022.

இலவச மின்சாரம் யாரும் போட்ட பிச்சை கிடையாது. 1970 ஜூன் மாதம், ஒரு பைசா மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகள் மேல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் செத்தார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுப் போராட்டம். 1990-ல்தான் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சி அதை எடுத்தது. 2004 மக்களவைத் தேர்தலில் மக்கள் கொடுத்த அடியில் அதே ஆட்சி திருப்பிக் கொடுத்தது. ஒரு பைசாவுக்கு ரத்தம் சிந்திய மண் இது.

இப்போது நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. "சோலார் எல்லாம் பணக்காரன் சமாச்சாரம், நமக்கு நூறு யூனிட் இலவசம் இருந்தா போதும்" என்று நம் கூட்டங்களிலேயே சிலர் பேசுகிறார்கள். அது சரியில்லை தோழர்களே. இலவசத்தைக் காப்பாற்றுவதற்கே நமக்கு மலிவான வெயில் வேண்டும். நிலக்கரி விலையில் இலவசம் கொடுத்தால், 'கஜானா தாங்காது' என்று ஒருநாள் எடுத்துவிடுவார்கள். பம்புசெட்டுக்குப் பகல் வெயிலைவிடப் பொருத்தமான மின்சாரம் எது? நடுப்பகலில் மிஞ்சும் மலிவு மின்சாரத்தை ஊர் துணை மின் நிலையத்துப் பக்கத்திலேயே எடுத்து மோட்டாருக்குக் கொடுத்தால் அரசின் மானியச் செலவு குறையும். ராத்திரியில் பாம்புக்குப் பயந்துகொண்டு டார்ச்சோடு வரப்பில் நடக்கிற வேலையும் மிச்சம். இலவசமும் நிற்கும், கஜானாவும் நிற்கும். ஆனால் மீட்டர் மாட்டு, காசு கட்டு, அப்புறம் வங்கிக் கணக்கில் போடுறோம் என்று நிபந்தனை போட்டால் அதை ஏற்க மாட்டோம். கேஸ் சிலிண்டர் மானியம் என்ன ஆனதுன்னு பார்த்துட்டோம்.

🔴 தில்லியில் தயாராவது என்ன?

2003 சட்டத்தின் முதல் வடிவத்தில் குறுக்கு மானியத்தைக் குறைத்து, பிறகு ஒழிக்க வேண்டும் என்று இருந்தது. பெரிய நிறுவனமும் பெரிய வீடும் கொஞ்சம் கூடக் கட்டி, சின்ன வீட்டைத் தாங்குவதுதான் குறுக்கு மானியம். 2007 திருத்தத்தில் 'ஒழிக்க' என்ற சொல்லை எடுத்தார்கள். 2025 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதா வரைவு, அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவருகிறது. உற்பத்தித் தொழிற்சாலைகள், ரயில்வே, மெட்ரோவுக்கு ஐந்தாண்டுக்குள் குறுக்கு மானியம் இல்லை. மக்கள் பணத்தில் போட்ட கம்பத்திலும் கம்பியிலும் தனியார் நிறுவனங்களும் மின்சாரம் விற்கலாம்.

தனியார் வந்தால் யாரிடம் போவார்? மாதம் லட்ச ரூபாய் பில் கட்டும் வாடிக்கையாளரிடம். மலைக்கிராமத்துக்கும் குடிசைக்கும் கம்பி இழுக்க வாரியம். லாபம் அங்கே, சுமை இங்கே. இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று பசுமை மாற்றம். பச்சை பெயின்ட் அடித்த தனியார்மயத்தைப் பசுமை என்று நம்ப வேண்டாம்.

🔴 நம் கோரிக்கைகள்

1. 500 யூனிட் பள்ளத்தை மூடு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை. முதல் 500-க்கு வீதம் மாறக் கூடாது.

2. வாடகைதாரருக்குத் தனி இணைப்பு உரிமை. வாடகை ஒப்பந்தத்தையும் ஆதாரையும் காட்டினால் நூறு யூனிட் அந்தக் குடும்பத்துக்கே வர வேண்டும். சப் மீட்டரில் அரசுக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் புகார் செய்ய ஒரு எண்ணும், நடவடிக்கைக்கு ஒரு கெடுவும் வேண்டும்.

3. ஊர் மாடி சோலார். பொதுக் கட்டடங்களில் பொதுத்துறை பேனல். மாடி இல்லாத குடும்பங்களின் பில்லில் கழிவு.

4. நேரக் கட்டணத்தில் சின்ன வீடுகளுக்கு மாலை அபராதம் கூடாது. பகல் தள்ளுபடி மட்டும், விரும்பியவருக்கு. மாவு மில், தையல் கடை, அயர்ன் கடை, விசைத்தறிக்கு அது உடனே வேண்டும்.

5. பட்டறைக் கூரையின் சொந்த வெயிலுக்கு நெட்வொர்க் கட்டணம் முழுவதும் ரத்து. நிலைக்கட்டணம் குறைப்பு.

6. எல்லா மின் கொள்முதல் ஒப்பந்தங்களையும் இணையத்தில் தமிழில் வெளியிடு. காற்று சீசனில் எத்தனை யூனிட் காற்று நிறுத்தப்பட்டது, ஓடாத அனல் நிலையத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மாதாமாதம் கணக்குச் சொல்.

7. சேமிப்பு நிலையங்கள் பொதுத்துறையில். நெய்வேலி, எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் புதிய மின்துறையில் நிரந்தர வேலை. அவர்களைத் தெருவில் விட்டுவிட்டு வரும் பசுமை யாருக்கு?

🔴 நீங்கள் செய்ய வேண்டியது

லைக் போட்டுட்டு போயிடாதீங்க.

உங்கள் தெருவில் சப் மீட்டரில் எத்தனை வீடு இருக்கிறது, யூனிட் என்ன விலை என்று கணக்கெடுங்கள். பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம். தெருவும் எண்ணிக்கையும் விலையும் போதும். கிளைத் தோழர்களிடம் கொடுங்கள். வீட்டுக்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவருக்கும் அந்த ஒரே இணைப்பில் மேல் வீதம் விழுகிறது. அவரையும் சேர்த்துக்கொண்டு தனி இணைப்பு கேட்போம்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை மாற்றும் முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டம். 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கேட்டார்கள். தொழில் சங்கங்கள் வந்தன. விவசாய சங்கங்கள் வந்தன. வாடகை வீட்டுக்காரர் சார்பில் எத்தனை குரல் ஒலித்தது? அடுத்த கூட்டத்தில் அந்த மைக்கைப் பிடித்து உங்கள் எஸ்.எம்.எஸ்ஸை வாசியுங்கள். 235 எங்கே, 1,800 எங்கே என்று கேளுங்கள்.

பெருமாநல்லூரில் அந்த மூன்று பேரும் ஒரு பைசாவைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டாம்.

மாடி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே வெயில்!
மின்சாரம் சந்தைச் சரக்கல்ல, மக்கள் உரிமை!

#ஊர்மாடிசோலார்
#வாடகைவீட்டுக்கும்100யூனிட்
#501அநீதி